கண்ணோட்டம் எங்கே போயிற்று? – வாசகர் கேள்வி பதில்

வாட்ஸ்ஆப் குழுக்களிலும் சமூக ஊடகங்களிலும் எழும் சண்டைகளைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே வலி வெவ்வேறு சொற்களில் இருந்தது. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர்கள் வாட்ஸ்ஆப் குழு தொடங்கி என்னையும் சேர்த்திருக்கிறார்கள். வகுப்பில் அதிர்ந்து பேசாத ஒரு மாணவர் இப்போது நல்ல பதவியில் இருக்கிறார். தேர்தல் பேச்சு வந்துவிட்டால், கூடப் படித்தவர்களையே வாசிக்கக் கூசும் சொற்களால் திட்டுகிறார். மறுநாள் காலையில் ‘வணக்கம் டீச்சர்’ என்று பூங்கொத்துப் படம் அனுப்புகிறார். இந்த இருவரில் எவர் உண்மையானவர்? – ஒரு வாசகி, கும்பகோணம்

இருவருமே அவர்தான், அம்மா. காலையில் பூங்கொத்து அனுப்புபவர் வேடம், இரவில் திட்டுபவரே நிஜம் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் இதை ஆராய்ந்தவர்கள் கண்டது அவ்வளவு எளிய கதையாக இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இணையத்தில் மனிதர்களின் தயக்கம் தளர்வதற்கான காரணங்களை வகுத்துச் சொன்னார். பெயர் மறைந்திருப்பது, உருவம் தெரியாதிருப்பது, சொன்னதற்கு மறுமொழி அந்தக் கணமே வராதிருப்பது, எதிராளியின் குரலை நாமே மனத்துக்குள் கற்பித்துக்கொள்வது, நடப்பதெல்லாம் ஏதோ விளையாட்டு என்று தோன்றுவது, பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போவது ஆகியவை அவர் சொன்ன காரணங்கள். முன்பின் அறியாதவரிடம் தன் துயரத்தைச் சொல்லி ஆறுதல் பெறுவதும் இதே தளர்வினால்தான் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். உங்கள் மாணவருக்கு முதற்காரணம் பொருந்தாது. அவர் தன் பெயரோடும் புகைப்படத்தோடும், தன்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர்கள் நடுவில்தான் திட்டுகிறார்.

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 142 பேரை இருவர் இருவராகக் கணினி வழியே எழுதி உரையாடச் செய்து, எளிதில் உடன்பட முடியாத ஒரு சிக்கலைப் பேசித் தீர்க்கச் சொன்னார்கள். சிலருக்கு எதிராளி யார் என்று தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்கு உருவம் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலர் மட்டும் கேமரா வழியே ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி எழுதினார்கள். கடுஞ்சொல்லுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணமாகத் தெரியவந்தது பெயர் மறைப்பு அன்று; கண்ணோடு கண் நோக்காமைதான். கண்ணோட்டம் என்ற சொல்லுக்கு இன்று நாம் பார்வைக் கோணம் என்று பொருள் கொள்கிறோம். திருக்குறளில் அது ஓர் அதிகாரத்தின் பெயர். அங்கே அதன் பொருள் இரக்கம், அதாவது கண் யார்மேல் பட்டதோ அவர்மேல் ஓடுகிற இரக்கம். நீங்கள் வகுப்பில் ஒருவனைக் கண்டித்தபோது, மூன்றாவது சொல்லிலேயே அவன் உதடு துடிப்பதைப் பார்த்து நான்காவது சொல்லை விழுங்கியிருப்பீர்கள். உங்கள் மாணவருக்குக் கைபேசித் திரையில் அந்த உதடு தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 667 பேர் கலந்துகொண்டார்கள். முதலில் ஒரு சிறு தேர்வு. பாதிப்பேருக்கு எளிய வினாக்கள், மீதிப்பேருக்கு நேரத்துக்குள் முடிக்கவே முடியாத வினாக்கள். பிறகு ஒரு செய்திக் கட்டுரையைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். சிலருக்கு, கட்டுரைக்குக் கீழே ஏற்கெனவே நாகரிகமான கருத்துகள் இருந்தன. வேறு சிலருக்கு வசைகள் இருந்தன. மனநிலையும் நன்றாக இருந்து, முன்பே இருந்த கருத்துகளும் நாகரிகமாக இருந்தபோது, எழுதப்பட்டவற்றில் 35 சதவீதம் பண்பற்றவையாக இருந்தன. இரண்டும் கெட்டிருந்தபோது அது 68 சதவீதமாயிற்று. அதே ஆய்வாளர்கள் ஒரு செய்தித் தளத்தில் குவிந்திருந்த கருத்துகளையும் அலசி, பின்னிரவிலும் வாரத் தொடக்கத்திலும் வசை மிகுவதைக் கண்டார்கள். அந்த மாணவர் திட்டிய செய்திகளின் நேரத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு எதிரான ஒரு முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் தங்கள் நாட்டிலும் ஆயிரக்கணக்கானோரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2021-ல் வேறொன்று சொன்னார்கள்: அரசியல் பேச்சில் இணையத்தில் சீறுபவர்கள் பெரும்பாலும் நேரிலும் சீறுபவர்களே, நேரில் அவர்கள் பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிறது, இணையத்தில் எல்லோருக்கும் தெரிகிறது, அதனால்தான் இணையம் கெட்டது போல் தோன்றுகிறது. இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்டுவதாக நான் கருதவில்லை. எங்கு போனாலும் சண்டையிடும் சிலர் முதலில் நெருப்பு வைக்கிறார்கள். களைத்துப்போன, வேலையிடத்தில் யாரிடமோ வாங்கிக்கட்டிக்கொண்டு வீடு திரும்பிய நல்லவர்கள் பலர் அந்த நெருப்பில் விறகாகிறார்கள். உங்கள் மாணவர் எந்த வகை என்பதை அவரைப் பதினைந்து வயதில் பார்த்த உங்களால் சொல்ல முடியும். குழுவில் கண்டிக்காதீர்கள், பலர் முன்னால் தலைகுனிய நேர்ந்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் உரக்கப் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொலைபேசியில் அழையுங்கள். நீங்கள் அந்தச் செய்திகளைப் படித்தீர்கள் என்பதையும், படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் மட்டும் சொல்லுங்கள். ஆசிரியையின் குரலுக்கு இன்னும் கண் இருக்கிறது.

போலிப் பெயரில் எழுதுவதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா? அந்தக் காலத்தில் மாற்றுக் கருத்துடையவர்கள் எவ்வளவு நாகரிகமாகப் பேசிக்கொண்டார்கள்! – ஒரு வாசகர், திருநெல்வேலி

தென்கொரியா இதைச் செய்து பார்த்துவிட்டது. பெருந்தளங்களில் கருத்து எழுத உண்மைப் பெயரை உறுதிசெய்ய வேண்டும் என்ற சட்டம் அங்கே 2007-ல் நடைமுறைக்கு வந்தது. நடிகர், நடிகையர் மீது பொழியப்பட்ட வசைகளும் அவற்றை ஒட்டி நிகழ்ந்த தற்கொலைகளும் அந்த நாட்டை உலுக்கியிருந்த காலம் அது. சட்டத்தை விரும்பியவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் வசை சொல்லும்படியாகக் குறையவில்லை. உண்மைப் பெயர்களையும் அடையாள எண்களையும் தளங்கள் சேர்த்துவைத்ததால் வேறோர் ஆபத்து வந்தது: 2011-ல் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடப்பட்டன. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

புனைபெயர் நமக்கு அந்நியமானதும் அன்று. சாதிக் கொடுமையைப் பற்றி எழுதும் கிராமத்து இளைஞர், மேலதிகாரியின் தொல்லையைச் சொல்லும் பெண், தன் நோயைப் பற்றிக் கேட்க விரும்பும் மனிதர் ஆகியோருக்குப் பெயர் மறைப்புதான் ஒரே கவசம். கவசத்தை எல்லோரிடமிருந்தும் பிடுங்கினால், முதலில் காயப்படுபவர்கள் இவர்களே.

அந்தக் காலத்து நாகரிகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 1860-களின் இறுதியில், வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனலாமா கூடாதா என்று தொடங்கிய சண்டையை நினைத்துப் பாருங்கள். ஆறுமுக நாவலரின் பக்கத்தாரும் அடிகளின் பக்கத்தாரும் அச்சிட்டு வெளியிட்ட கண்டனப் பிரசுரங்கள் ஒன்றையொன்று மிஞ்சின. வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் மூண்டது. தமிழையும் சைவத்தையும் கரைத்துக் குடித்தவர்கள்தாம் அவற்றை எழுதினார்கள். அச்சு இயந்திரம் அப்போது அவர்களுக்குப் புதிய கருவி. எதிராளியின் முகத்தைப் பார்க்காமலேயே ஊர் முழுவதற்கும் கேட்கும்படி அவரைப் பழிக்க அது வழிசெய்தது. இன்று அதே வசதி ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருக்கிறது.

நான் மருந்தாளுநர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில், ‘இந்தக் கஷாயத்தைப் பத்து நாள் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்ற செய்தியை ஒருவர் பகிர்ந்தார். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று பணிவாக எழுதினேன். ‘மருந்துக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய்?’ என்று பதில் வந்தது. அன்று முழுவதும் வேலையே ஓடவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பதில் சொல்வதா, சொல்லாமல் விடுவதா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

‘வாங்கினாய்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைக் கவனித்தீர்களா? தமிழில் சண்டை முற்றுவதை வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘நீங்கள்’ என்று தொடங்குகிறது, பிறகு ‘மேடம்’, ‘தம்பி’ என்று மரியாதையின் வடிவிலேயே ஒரு குத்தல் வருகிறது, பிறகு ‘நீ’, அதற்குப் பிறகு ‘டா’, ‘டி’. ஒரே குடியிருப்பில் வாழும், மாடிப்படியில் பார்த்தால் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டிருக்கக்கூடிய மனிதர், உங்களிடம் இடைப்படிகள் எதிலும் கால் வைக்காமல் ‘வாங்கினாய்’ என்று இறங்கிவிட்டார். உங்களுக்கு வலித்ததில் வியப்பில்லை. அந்த வலியைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பள்ளி இலக்கணத்தில் வினா ஆறு வகை என்று படித்திருப்போம்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்துகொண்டே பிறரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. நேர்ப்பேச்சில் இவற்றைக் குரலே பிரித்துக் காட்டிவிடும். எழுத்தில் இரண்டும் ஒரே வினாக்குறியோடு வந்து நிற்கின்றன. இணையத்தில் நான் பார்த்த சண்டைகளில் பல, அறியா வினாவை அறிவினா என்று எண்ணிச் சீறியதால் வந்தவை. ஆகவே முதல் வேலை, கேட்டது எந்த வினா என்று பார்ப்பது. ஐயமாக இருந்தால் அறியா வினா என்றே எடுத்துக்கொண்டு ஒருமுறை பதில் சொல்வது.

உங்களிடம் கேட்கப்பட்டது இந்த ஆறில் எதிலும் அடங்காது. அது வினாக்குறி போட்ட குற்றச்சாட்டு. அதை அளக்க வேறோர் அளவுகோல் உண்டு. இந்தியத் தருக்க நூலார், குறிப்பாக நியாய மரபினர், விவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். இருவரும் உண்மையை அறிய விரும்பிப் பேசுவது வாதம். எவ்வழியிலேனும் வெல்வதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியை நிறுவாமல், எதிராளி சொல்வதை இடிப்பது மட்டுமே நோக்கமாகப் பேசுவது விதண்டை; ‘விதண்டாவாதம்’ என்று நாம் அன்றாடம் சொல்வது இதைத்தான். உங்களுக்கு மறுமொழி எழுதியவர், கஷாயம் எப்படி வேலைசெய்கிறது என்று சொல்லவில்லை. மாத்திரை ஏன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீங்கள் பேசத் தகுதியற்றவர் என்று மட்டும் சொன்னார். வாதத்துக்கு வந்தவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். விதண்டைக்கு வந்தவரை வெல்லவே முடியாது; இடிப்பதற்கு அவர் பக்கத்தில் எதுவும் இல்லை.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? வேறு பல இடங்களில் அதுவே சரியென்றாலும், உங்கள் இடத்தில் அது சரியாகாது. உங்கள் குழுவில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. நூறு என்று வைத்துக்கொள்வோம். அன்று எழுதியவர்கள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் படித்துவிட்டுக் கைபேசியை வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரின் தந்தை பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு அலுத்துப்போய், இந்தக் கஷாயத்தைக் குடித்துப் பார்ப்போமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் பதில் எழுத வேண்டியது அவருக்கு. திட்டியவரை மறந்துவிட்டு அந்த முதியவரை மனக்கண்ணில் நிறுத்தி எழுதினால், சொல் தானாகவே இதமாகும். இப்படி எழுதலாம்:

‘எனக்கு எந்த நிறுவனத்தோடும் தொடர்பு இல்லை. சர்க்கரை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். கஷாயம் குடிக்க விரும்புபவர்கள், மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் என்னை வீட்டில் வந்து பார்க்கலாம்.’

இதில் குற்றச்சாட்டுக்கு ஒரே வாக்கியம். மீதி முழுவதும் கேட்க விரும்புபவர்களுக்கு. ‘நீங்கள் என்ன படித்தீர்கள்?’ என்ற எதிர்க்கேள்வி இல்லை; கேலிப்படம் இல்லை. இதற்கும் வசை வந்தால் இரண்டாவது பதில் எழுத வேண்டாம். இரண்டாவது பதிலிலிருந்து பேச்சு சர்க்கரையை விட்டு உங்களைப் பற்றியதாகிவிடும், படிப்பவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

கேலியை விட இதமான சொல் பயன் தருகிறது என்பதற்குச் சான்றும் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் இனவெறுப்பைப் பதிவிட்ட 1,350 பேரில் சிலருக்கு எச்சரிக்கையும், சிலருக்கு நகைச்சுவையும், சிலருக்கு ‘இதைப் படிக்கும் அந்த மனிதர்களுக்கு எப்படி இருக்கும்’ என்று நினைவூட்டும் மறுமொழியும் அனுப்பப்பட்டன. மூன்றாம் வகையைப் பெற்றவர்கள் மட்டுமே வெறுப்புப் பதிவுகளைக் குறைத்தார்கள். விளைவு சிறியதுதான், ஆனால் மற்ற இரண்டினால் அந்த அளவுகூட நிகழவில்லை.

என் அண்ணன் பெரிய செய்தியாக ஒன்று அனுப்பினார். நான் ‘சரி’ என்று மட்டும் எழுதினேன். ‘உனக்கு அவ்வளவு திமிரா’ என்று மூன்று வாரமாகப் பேசவில்லை. நான் என்ன தவறு செய்தேன்? – ஒரு வாசகர், சேலம்

தவறு எதுவும் செய்யவில்லை. அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது குத்தலா அன்றா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் புரிந்துகொள்ளப்பட்டது 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலே ஏறத்தாழ அந்த அளவு கிடைத்திருக்கும். நீங்கள் ‘சரி’ என்று எழுதியபோது உங்கள் காதில் உங்கள் குரல் ஒலித்தது. அண்ணன் காதில் அவர் கற்பித்துக்கொண்ட குரல் ஒலித்தது. இதை விளக்கி இன்னொரு செய்தி அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், முடியாவிட்டால் ‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த ஒரு சொல்லில் இருக்கும் குரல் போதும்.

நான் கல்லூரி மாணவன். ஒரு திரைப்பட விவாதத்தில், எனக்குத் தெரியாத ஒரு பெண்ணை மிக மோசமாக எழுதிவிட்டேன். பல பேர் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள். காலையில் படித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது, அழித்துவிட்டேன். அவர் பார்த்திருப்பார். இப்போது என்ன செய்வது? – ஒரு வாசகர், மதுரை

தம்பி, உங்கள் கடிதம்தான் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் இருந்த ஓர் இலக்கியக் குழுவில் ஓர் இளைஞர் ‘வாழ்த்துகள் என்பது சரியா, வாழ்த்துக்கள் என்பது சரியா?’ என்று கேட்டார். அன்று பகல் முழுவதும் ஒரு கூட்டத்தில் வீண்பேச்சுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த நான், அவர் என்னைச் சோதிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, ‘இதுகூடத் தெரியாமல் எழுத வந்துவிட்டீர்களா?’ என்று எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. குழுவை விட்டுப் போய்விட்டார். வெளிமாநிலத்தில் பிறந்து, பள்ளியில் தமிழே படிக்காமல், இருபது வயதுக்கு மேல் தானாக எழுத்துக்கூட்டிக் கற்றவர் அவர் என்று பிறகு ஒரு நண்பர் சொன்னார். நான் அவருக்குத் தனிச்செய்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் அவமானம் இருநூறு பேர் முன்னால் நிகழ்ந்தது, மன்னிப்பு மட்டும் மறைவில் நிகழ்ந்தது. அந்த இருநூறு பேருக்கும் இன்றுவரை அவர்தான் தெரியாமல் கேட்டவர், நான் சரியாகச் சொன்னவன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, எங்கே எழுதினீர்களோ அங்கேயே, எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். ‘நான் நேற்று இங்கே எழுதியது தவறு, அதை எழுதியிருக்கக் கூடாது, மன்னிப்புக் கேட்கிறேன்’ என்பது போதும். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்க வேண்டாம். புண்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதிய சொற்களைத் திரும்ப எடுத்துப் போடவும் வேண்டாம். அவருக்குத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். முன்பின் அறியாத ஒருவர் தன்னைத் திட்டிவிட்டு மறுநாள் தன் செய்திப் பெட்டிக்குள் வந்து நிற்பதே ஒரு பெண்ணுக்கு அச்சம் தரும். அவர் பதில் சொல்லாவிட்டாலும் அது அவருடைய உரிமை.

ஒரு விவாதத்தில் எதிர்த்துப் பேசியதற்காக என் புகைப்படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பிவிடுவதாக ஒருவர் மிரட்டுகிறார். ‘கணக்கை மூடிவிட்டு வீட்டில் இரு’ என்கிறார்கள் வீட்டில். – ஊரும் பெயரும் வேண்டாம்

இதற்குப் பொறுமையும் இதமான சொல்லும் மருந்தல்ல. இது விவாதம் அன்று, குற்றம். உங்களிடம் எந்தத் தவறும் இல்லை. எதையும் அழிக்காதீர்கள். மிரட்டிய செய்திகளைத் தேதியும் நேரமும் அவருடைய கணக்கின் பெயரும் முகவரியும் தெரியும்படி படமெடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். அதற்குப் பிறகு அவரைத் தடைசெய்யுங்கள். அவரோடு பேரம் பேசாதீர்கள்.

தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தொலைபேசி எண் 1930. பெண்களுக்கான உதவி எண் 181. நேரில் போவதானால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ‘இது எங்கள் எல்லை அன்று’ என்று திருப்பி அனுப்ப இப்போதைய சட்டத்தில் இடமில்லை. ஆபாசப் படம் பரப்புவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளும், விரும்பாத பெண்ணை இணையத்தில் பின்தொடர்வதைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவும் தண்டிக்கின்றன. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 24 மார்ச் 2015 அன்றே ரத்துசெய்துவிட்டது. யாராவது அதன் பெயரைச் சொன்னால் மற்ற பிரிவுகளைக் கேளுங்கள். மாற்றப்பட்ட படம் வெளியாகிவிட்டால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு நீங்கள் புகார் அனுப்பிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது அங்கே இருக்க, 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகள் இடம்தரவில்லை.

உங்கள் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கை மூடவேண்டியவர் மிரட்டியவர். இன்று இரவு இந்தப் பெண் தனியாக இருக்க வேண்டாம். காவல் நிலையத்துக்குப் போகும்போது கூட ஒருவர் போங்கள்.

எங்கள் ஊர்க் குழுவுக்கு நான் அட்மின். 430 பேர் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக் கணக்கைக் கேட்டு ஒருவர் மிகக் கேவலமாக எழுதினார்; நீக்கிவிட்டேன். இப்போது மன்னிப்புக் கேட்கிறார். திரும்பச் சேர்க்கலாமா? குழுவில் யாரோ எழுதுவதற்கு என்மேல் வழக்கு வருமா என்றும் பயமாக இருக்கிறது. – ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். உறுப்பினர் எழுதியதற்கு அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நீங்களே ஒன்றைப் பகிர்ந்தால் அது வேறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்தவரின் முன்ஜாமீன் மனுவில், பகிர்வது அக்கருத்தை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. ‘வந்ததை அப்படியே அனுப்பினேன்’ என்பது தப்பிக்கும் வழியாகாது.

குழுவின் விதிகளை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே வையுங்கள். அமெரிக்க ஆய்வாளர் நேதன் மத்தாயஸ், ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தின் பெரியதோர் அறிவியல் குழுவில் இதைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார். விவாதத்தின் தலைப்பிலேயே விதிகளைக் காட்டியபோது, புதிதாக வந்தவர்கள் விதிப்படி நடப்பது 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. நம் ஊர்க் குழுக்களில் ‘அரசியல் வேண்டாம், சாதி வேண்டாம்’ என்று இரண்டு வரி எழுதி நிறுத்திவிடுகிறோம். ‘ஒருமையில் பேசக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் சண்டை தொடரக் கூடாது’ என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சு சூடேறினால், அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பைக் காலை வரை வைத்துவிடுங்கள். யாரையும் அவமதிக்காத தடை அது.

அவர் கேவலமாக எழுதியபோது அதற்கு எத்தனை கட்டைவிரல் விழுந்தது என்றும் பாருங்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,331 பேரின் 1.27 கோடி ட்வீட்டுகளை ஆராய்ந்து 2021-ல் சொன்னது இது: சீற்றத்துக்கு விருப்பக்குறியும் பகிர்வும் அதிகம் பெற்றவர்கள் அடுத்தடுத்து இன்னும் சீறினார்கள். கட்டைவிரல் காட்டியவர்களில் உங்களுக்கு நெருக்கமானவர்கள் இருந்தால் அவர்களிடமும் தனியே பேசுங்கள். குற்றம் ஒருவர் தலையில் மட்டும் விழுந்திருக்கிறது.

அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு அறிவுரையோ வரவேற்புரையோ எழுத வேண்டாம். அவர் கேட்ட விதம்தான் கேவலமாக இருந்தது. கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. திருவிழா வரவுசெலவுப் பேரேட்டை விழாக் குழுவினரிடம் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அவர் திரும்பி வரும் அன்றே 430 பேரும் பார்க்கும்படி குழுவில் போடுங்கள்.